கோதண்டராமனின் த்ரீ டி டி.வி.

செய்யூரில் பள்ளி வேன் ஓட்டும் கோதண்டராமனுக்கு இரண்டு பெருமைகள், ஒரு ரகசியம். இருபது வருஷமாக ஒரு பிள்ளைக்கும் கீறல் படாமல் வேன் ஓட்டியது முதல் பெருமை. மாமல்லபுரம் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டின் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கி வந்த த்ரீ டி டி.வி. இரண்டாவது.

ரகசியம், அவருடைய இடது கண். பன்னிரண்டு வயதில் கிட்டிப்புள் பட்டு அது அணைந்துபோனது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. லைசென்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை வரிசையில் நிற்கும்போதே நெட்டுருப் போட்டு, நல்ல கண்ணை மூடச் சொன்னதும் ஒப்பித்துவிடுவார். இது மனைவி சரோஜா ஒருத்திக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் எந்தத் தாய் தன் பிள்ளையை அந்த வேனில் ஏற்றுவாள்?

ஒற்றைக் கண்ணுக்கு அந்த டி.வி. வெறும் டி.வி.தான். அதனால் என்ன? மற்றவர்கள் எந்த இடத்தில் தலையைக் குனிகிறார்கள், எந்த இடத்தில் கையை நீட்டுகிறார்கள் என்று கவனித்து, கடலடிப் படம் ஒன்றையும் அவர் நெட்டுருப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ரெண்டரை அங்குலம் கேப்பு. அதனால ரெண்டும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேற வேற மாதிரி பாக்குது. இந்த டி.வி. இன்னா பண்ணுதுன்னா, வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம் காட்டுது. இந்தக் கண்ணாடி ரெண்டையும் பிரிச்சி அனுப்புது. மூளை ஒண்ணாச் சேத்து, மீனு கிட்ட வந்துடிச்சின்னு ஏமாறுது."

"ஏமாறதுக்கா அண்ணாத்த இதை வாங்கினு வந்த?" என்றார் வேர்க்கடலை வியாபாரி கலையரசன்.

"இனிமே வூட்டுக்கு வூடு இதான்."

"கம்பெனிக்காரனே இதை விட்டுப் பல வருஷம் ஆவுது நைனா," என்றான் மகன் ஹரிஹரன். "கண்ணாடிய மாட்டினு எவன் சோறு துன்னுவான்?"

"நல்லது எதைடா அவனுங்க வுட்டு வெச்சானுங்க?"

இருந்த கண்ணாடிகள் ஐந்து. வந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். கண்ணாடி கிடைக்காதவர்கள் ஒவ்வொரு மீனையும் இரண்டிரண்டாகப் பார்த்துவிட்டு, புரை விழுந்துவிட்டதோ என்று கவலைப்பட்டார்கள். "புரை இல்ல, கண்ணாடி இல்லாம பாத்தா அப்படித்தான்," என்று சிரித்தாள் ஜெனிட்டா. செங்கல்பட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மகள் ஜாக்குலின் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வருபவள்.

அடுத்தது விஞ்ஞான விளக்கம். ஒரு கண்ணை மறைத்தால் படம் தட்டையாகிவிடும் என்று காட்ட, ஒரு கண்ணாடியில் இடது பக்கம் கறுப்பு டேப் ஒட்டச் சொல்லியிருந்தார். ஹரிஹரன் கண்ணாடியின் முன்பக்கம் தன்னைப் பார்க்க எதிரே வைத்துக்கொண்டு, தன் இடது கைப்பக்கம் ஒட்டிவிட்டான். மாட்டிக்கொள்பவருக்கு அது வலது கண்.

கோதண்டராமன் கம்பீரமாக மாட்டிக்கொண்டார். உலகம் அணைந்தது. கழற்றியிருக்கலாம். பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆங்... இப்ப பாரு, எல்லாம் தட்டையாகீது," என்றார் இருட்டிடம். பின்னணி இசை ஏறியது. "அதோ, சுறா வருது. முன்னே மூஞ்சி மேல வந்தது, இப்ப சுவத்துல ஒட்டின மாதிரி அங்கியே நிக்குது!"

நிற்கும் இடத்தைக் காட்டக் கையை வீசினார். காபித் தட்டோடு குறுக்கே வந்த சரோஜாவின் தட்டு பறந்தது. ஆறு டம்ளர் காபியும் கலையரசன் மடியில்.

"ஐயோ! என் வேட்டி!"

ஒரே சிரிப்பு. "சுறாவப் புடிக்கப் போயி காபியக் கவுத்துட்டாருப்பா!" "இன்னா பவரு பாத்தியா டி.வி.க்கு!" எல்லோரும் டி.வி.யைப் புகழ்ந்தார்கள். கோதண்டராமன் தப்பித்துவிட்டார். தப்பித்த மனிதனுக்கு முகம் ஏன் அப்படி எரிய வேண்டும்?

அந்தக் களேபரத்தில் அவர் முகத்திலிருந்து கழன்று கீழே விழுந்திருந்த கண்ணாடியை ஜெனிட்டா எடுத்தாள். டேப்பைப் பார்த்தாள். மாட்டிப் பார்த்தாள். அவளுக்கு இடது கண்ணில் டி.வி., சரோஜா, தட்டு எல்லாம் நன்றாகவே தெரிந்தன. கழற்றிவிட்டு அவருடைய இடது பக்கமாக வந்து, முகத்துக்கு அருகே இரண்டு விரலை நீட்டினாள். அவர் திரும்பவில்லை, கலையரசனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். விரலை மடக்கிக்கொண்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, வழியனுப்ப வந்தவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எத்தினி வருசமா அண்ணா?"

அவர் தரையைப் பார்த்தார். புளுகுகள் நாலைந்து வாய் வரை வந்தன. ஒன்றுக்கும் வெளியே வர முகமில்லை.

"சின்ன வயசுலயே போயிட்ச்சிம்மா."

"என் பொண்ணு உங்க பக்கத்துல குந்திகினு வருது. இடது பக்கம்."

உள்ளேயிருந்து கலையரசன் கத்தினார்: "அண்ணாத்த, இன்னொரு தபா அந்த சுறாவப் புடிச்சிக் காட்டு!" மறுபடியும் சிரிப்பு.

"நாளைலேந்து கார்த்தி ஓட்டுவான்," என்றார் கோதண்டராமன். கார்த்தி, அவருக்கு உடம்பு முடியாத நாளில் வருகிற மாற்று டிரைவர்.

"நாளைக்கு மட்டுமா?"

"இனிமே அவன்தாம்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். யாரிடமும் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது. உள்ளே அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.