மூன்று கட்டங்களில் ஒரே அளவு

யதுஷா மூன்றாவது தடவையாக, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த தங்கள் ஒற்றை அறைக் காம்பராவை அளந்துகொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த சர்மிளா வெறுங்கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தபோது, அரிசி வாளி கட்டிலின் மேல் ஏறியிருந்தது. செருப்புகளெல்லாம் ஒரு மூலையில் கிடந்தன. வகுப்பில் ஒரு மீற்றர் நீளத்துக்கு வெட்டி, சென்றிமீற்றர் குறித்துக் கொடுத்த ரிப்பனைச் சுவரோரமாக நீட்டிப் பிடித்து, அதன் நுனியில் தரையில் கரிக்கோடு போட்டு, மறுபடி அங்கிருந்து நீட்டினாள் மகள். எட்டு வயது. முழங்கால் இரண்டிலும் சாணம் மெழுகிய தரையின் பச்சை.

"அதே அளவுதாம்மா வருது" என்றாள் நிமிராமல்.

கட்டிலில் கிடந்த கொப்பியைச் சர்மிளா எடுத்தாள். மூன்றாம் தரக் கணிதம். "உங்கள் வீட்டை அளந்து எழுதுங்கள்." படுக்கையறை, சமையலறை, வரவேற்பறை என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் நீளம் 3 மீ 60 செ.மீ, அகலம் 3 மீ 5 செ.மீ. அவற்றைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே, "ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதியது. மீண்டும் அளக்கவும். பெற்றோர் வந்து சந்திக்கவும்."

போன ஆனி மாதக் காற்றில் முன் திண்ணையான இஸ்தோப்பின் கூரைத் தகரம் பறந்துபோனது. அதிலிருந்து அடுப்பும் உள்ளேதான். கணவன் ஜீவராஜ் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவன் லீவில் வரும்போது கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் பாய் விரிப்பார்கள். யாராவது வந்தால் அதே இடத்தில்தான் கதிரை போடுவார்கள். மூன்று கட்டங்களையும் மகள் எப்படி நிரப்பினாள் என்பது சர்மிளாவுக்கு விளங்கியது.

"மத்த புள்ளைங்க என்னா எழுதினாங்க?"

"டீச்சர் உதாரணத்துக்கு போர்டுல ஒரு வீடு வரைஞ்சாங்க. ஒரே காம்பராவுல இருக்கிறவங்களும் அதப் பாத்து அங்கங்க மாத்தி எழுதிட்டாங்க. எல்லாருக்கும் சரி போட்டாங்க."

"பக்கத்து வீட்ட அளந்து பாத்தியா?"

"பன்னண்டு வீட்டையும் அளந்துட்டேன். லயத்து வரிசை முழுக்க ஒரே அளவுதான்."

மறுநாள் பகல், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும், கங்காணியிடம் சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கொப்பியை எடுத்துக்கொண்டு சர்மிளா பாடசாலைக்கு ஏறினாள். அவள் நாலாம் வகுப்போடு நின்றவள். வகுப்பறை வாசலில் நிற்கும்போதெல்லாம் எதையோ செய்யாமல் விட்டுவிட்டு வந்தவள் போல ஓரமாக ஒதுங்கிக்கொள்வாள். ஷிராணி டீச்சர் அவளை மர நிழலுக்கு அழைத்துப் போனார். நல்லவர். மழை நாளில் நனைந்து வரும் பிள்ளைகளுக்குத் தன் வீட்டுத் துவாயைக் கொண்டுவந்து தலை துவட்டுகிறவர்.

"வியாழக்கிழமை வலயக் கல்வி ஆபீஸ்லருந்து பெரியவங்க வர்றாங்க, சர்மிளா. யதுஷாதான் முன்னால நின்னு அளந்து காட்டப் போறா. இந்த வகுப்புல அவதான் பிசகில்லாம அளக்கிறவ. ஆனா கொப்பியையும் பாப்பாங்க. மூனு அறைக்கும் ஒரே அளவு இருந்தா என்னா நெனப்பாங்க? ஒன்னு நான் ஒழுங்கா சொல்லிக் குடுக்கலன்னு. இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "நானும் லயத்துல பொறந்தவதான். பயிற்சிக் கல்லூரியில, ஒரே காம்பராவுல எட்டுப் பேரு படுப்போம்னு ஒரு நாள் சொல்லிட்டேன். சிரிச்சாங்க. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நம்ம புள்ளைங்களப் பாத்து யாரும் பாவம்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே பென்சிலால் கொப்பியின் ஓரத்தில் மூன்று அளவுகளை எழுதினார். வரவேற்பறைக்கு 4 மீற்றர். "இத எழுதச் சொல்லுங்க. மாத்தலைன்னா அவள முன்னால விட ஏலாது."

சர்மிளா தலையாட்டினாள். இறங்கி வரும் வழியெல்லாம் அந்தத் தலையாட்டல் அவளுக்கே பிடிக்கவில்லை.

சாயந்தரம் மகளிடம் கொப்பியை நீட்டினாள். "டீச்சர் சொன்னபடி எழுதிரு. நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

யதுஷா பென்சில் எண்களைப் படித்தாள். பிறகு ரிப்பனை எடுத்துக் கதவுப் பக்கச் சுவரிலிருந்து நீட்டி அளந்தாள். மூன்று மீற்றர். மீதிக்கு எதிர்ச்சுவர் தடுத்தது. ரிப்பனைப் பிடித்த கையைச் சுவரில் வைத்தபடியே திரும்பினாள்.

"நாலு மீற்றர்னா சொவத்தத் தாண்டி அடுத்த வீட்டு அழகம்மா அத்த கட்டில்ல போய் முட்டும். இது யாரு வீடும்மா?"

சர்மிளாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தன் ஆட்கள் பிறந்ததும் செத்ததும் இந்த அளவுக்குள்தான். அதை இத்தனை காலத்தில் ஒருவராவது அளந்ததுண்டா? அளந்த ஒருத்தியிடமும் தானே அதை அழிக்கச் சொல்வதா?

"இந்தா, அந்த நுனியக் குடு" என்றாள்.

இருவரும் மறுபடி அளந்தார்கள். நீளம், பிறகு அகலம். ஒரு சென்றிமீற்றர் கூடவோ குறையவோ இல்லை. சர்மிளா பேனையை எடுத்து டீச்சரின் பென்சில் எண்கள் மீது கோடு கிழித்தாள். கீழே, ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதினாள்: "நானும் அளந்தேன். சரி. தாய், ஜீ. சர்மிளா."

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போய் டீச்சரிடம் கொப்பியைத் தானே கொடுத்தாள். டீச்சர் பார்த்தார். முகம் சிவந்தது.

"சொன்னேன்தான?"

"நீங்க கோவிச்சாலும் பரவால்ல டீச்சர். பாத்து எழுதாத ஒருத்திக்குத்தான் பாத்து எழுதினதுன்னு போட்டிருக்கீங்க."

டீச்சர் கொப்பியை அடுக்கின் அடியில் செருகினார். முன்னால் நின்று அளந்து காட்ட வேறொரு பிள்ளையை அழைத்தார். அந்தப் பிள்ளை கரும்பலகையை அளந்தபோது ரிப்பன் நடுவில் தொய்ந்தது. வலயத்திலிருந்து வந்திருந்த அதிகாரி தலையசைத்துவிட்டு, மேலிருந்த இரண்டு கொப்பிகளைப் புரட்டினார். இரண்டிலும் சிவப்புச் சரி. மூடப் போனார்.

"சேர், என் கொப்பி அடியில இருக்கு."

யதுஷா எழுந்து நின்றிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற சர்மிளாவுக்கு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அவள் அங்கிருந்து நகரவில்லை.

அதிகாரி அடியிலிருந்து உருவிப் பார்த்தார். "மூனும் ஒரே அளவா இருக்கே? பிழையில்லையா மகள்?"

"பிழையில்ல சேர். மூனும் ஒரே எடம். அங்கதான் தூங்குறோம், அங்கதான் சமைக்கிறோம்."

"அப்ப ஒரு தடவ எழுதினாப் போதுமே."

"புத்தகத்துல மூனு கட்டம் இருக்கே சேர். எங்க லயத்துல பன்னண்டு வீடும் இப்பிடித்தான். வந்து அளந்து பாருங்க."

அவர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். சர்மிளாவும் பார்த்தாள். ஷிராணி டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"அளவு சரிதான் சேர்" என்றார் கடைசியில். "நான் பொறந்த காம்பராவும் அந்த அளவுதான்."

அதிகாரி தன் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று எவருக்கும் தெரியாது. தேநீர் ஆறுகிறதென்று அதிபர் அழைக்க, எல்லாரும் அலுவலகத்துக்குப் போனார்கள்.

வகுப்பில் பின் வரிசையில் இருந்த ஒரு சிறுமி தன் கொப்பியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்டாள். அடுத்த வரிசையிலும் ஒரு கொப்பி திறந்தது. ரப்பர் கைமாறிக் கைமாறிப் போயிற்று. கிடைக்காதவர்கள் விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார்கள். சரி போட்ட வரவேற்பறைகள் ஒவ்வொன்றாக மேசைகளில் துகளாக உதிர்ந்தன. ஷிராணி டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.