ஜன்னலோர மேசை

தன் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டம் சேர்க்க அவள் செய்யாத கூத்து இல்லை. தெருமுனைவரை துண்டுச்சீட்டு கொடுத்துப் பார்த்தாள். வறுத்த மீனைப் படமெடுத்து ஃபோனில் போட்டாள். அது மீனா, செருப்பா என்று ஒரு புண்ணியவான் கேட்டிருந்தான். வாசலில் சரவிளக்கு தொங்கவிட்டாள். பூச்சிகள்தான் குடும்பத்தோடு வந்தன.

ஆனால் ஆட்கள் வந்தே ஆக வேண்டும். போன வருஷம் கடை படுத்துக்கொண்டபோது, "இது எழுந்து நிக்கிற வரைக்கும் நான் போய் சம்பாதிக்கறேன்" என்று கப்பலில் சமையல்காரனாகப் போனவன் அவள் கணவன். இந்தப் பயணம் முடியப் போகிறது. மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா, வீட்டுக்கு வருவதா என்று மாதக் கடைசிக்குள் அவன் சொல்ல வேண்டும். அதனால் பேசும்போதெல்லாம் முதல் கேள்வியே, "கூட்டம் எப்படி?" என்பதுதான். "பரவாயில்ல" என்பாள். அந்தப் 'பரவாயில்ல'யில் எத்தனை காலி நாற்காலி என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் நாத்தனார் வந்தாள். துணிக்கடையில் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. உள்ளே வராமல் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றபடியே ஃபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க."

"அடுப்புல சூப் இருக்குடி."

"சூப் எங்கயும் ஓடிடாது. குடிக்க ஆள் இருந்தாத்தானே! வாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் முழுக்க வெளிச்சம். அதன் நடுவே ஒரே மேசை: வெள்ளை விரிப்பு, 'முன்பதிவு' என்ற சின்னப் பலகை, எதிரெதிரே இரண்டு காலி நாற்காலிகள். உள்ளே சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் இங்கிருந்து தெரியவே இல்லை. யாரோ ஒரு கணவனும் மனைவியும் ஜன்னலருகே தயங்கி நின்று, எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

"பாத்தீங்களா? நாலு பேர் சாப்பிடறது தெரிஞ்சாத்தானே அஞ்சாவது ஆள் வருவான்? நாங்க பொம்மையக்கூடத் தனியா நிக்க விடமாட்டோம். அதென்ன, நான் வரும்போதெல்லாம் முன்பதிவு? யாரு அந்த மகாராஜா?"

அவள் பார்வை அந்தக் காலி நாற்காலிக்குப் போனது.

"அண்ணி... அண்ணனுக்கா?"

அவன் கப்பலுக்குக் கிளம்பிய அன்று அந்த மேசையில்தான் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தினமும் பூண்டு உரிக்க அவன் உட்காரும் இடமும் அதுதான். பெட்டியைத் தூக்கும்போது, "என் இடத்த யாருக்கும் குடுத்துடாத" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவள்தான் அதை நெஞ்சில் முடிந்துகொண்டு, காலைதோறும் விரிப்பை மாற்றினாள். அந்த நாற்காலியில் வேறொருவர் முதுகைப் பார்த்தால் அவன் இன்னும் தூரம் போய்விடுவான் என்று ஒரு பயம்.

"நல்ல கதைதான் போங்க. அண்ணன் வர்ற வழிய அவரோட மேசையே மறிச்சுக்கிட்டு நிக்குது."

"வாய மூடுடி" என்றாள். விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள்.

உள்ளே போய், மேசை முன் சற்று நேரம் நின்றாள். பலகையை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்போது குழந்தையோடு வந்த ஒரு தம்பதியை, தன் மனம் மாறுவதற்குள் அங்கேயே உட்காரவைத்தாள். குழந்தை சூப் வாயோடு கண்ணாடியில் முகத்தை அழுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் பழிப்புக் காட்டியது. சிரித்துக்கொண்டே இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னொரு குடும்பம். நாத்தனார் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டு தூக்கினாள்.

"என் பொம்மைங்களே தேவல அண்ணி. எதுவும் பசிக்குதுன்னு சொல்லாது!"

அந்த அமளியில் கணவனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை ஜன்னல் மேசைப் பக்கம் திருப்பினாள்.

"ஏய், அது என் நாற்காலி இல்ல?"

"ஆமா. குடுத்துட்டேன்."

அவன் ஃபோனை முகத்தருகே கொண்டுவந்து உற்றுப் பார்த்தான்.

"ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா, குடுத்துடுன்னுதான் சொல்வீங்க. அதான் இத்தன நாளா கேக்கல."

அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. வெங்காயம் என்றான். பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"பேனா சட்டப்பையிலதான் இருக்கு."

"அங்கயே இருக்கட்டும். மாசக் கடைசி வரைக்கும் தினமும் காட்டறேன், பாத்துட்டு அப்புறம் எடுங்க."

அவன் தலையாட்டினான். கூட்டத்தைப் பற்றி இன்று கேட்கவில்லை.

"நீ சாப்பிட்டியா?"

பைக்குள் பலகையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எங்க உக்காந்து சாப்பிடறது? இடமே இல்ல."