ஓடும், நிக்குமா?

"ஓடும்" என்ற சொல்லைக் கேட்டாலே நிர்மலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். உளுந்தூர்பேட்டை லாரிப் பட்டறைகளில் வண்டி சரியாச்சா என்று கேட்டால், ஓடும் என்பார்கள். நிற்குமா என்று எவனும் கேட்பதில்லை.

இப்போது அந்தச் சொல் பல்கலைக்கழகத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. எல்லையில் சண்டை மூண்டதும், ராணுவ லாரிகளைப் பழுதுபார்க்க ஆள் பழக்கும் வேலை அவள் பாடம் நடத்தும் தனியார் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. மூன்று மாதப் பயிற்சியை ஒரே மாதமாகச் சுருக்கிவிட்டார் பதிவாளர் நாராயணசாமி. ராணுவம் கொடுத்த லாரிக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பேப்பர்காரர்களைக் கூப்பிட்டுப் படம் பிடித்ததோடு சரி. பெயிண்ட் கீறிவிடுமாம், பிள்ளைகள் கிட்டே போகக் கூடாதாம். பிரேக்கை அவர்கள் பார்த்ததெல்லாம் திரையில்தான். என்ன அநியாயம் இது!

நாளை ராணுவ அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், இன்றுதான் பிரேக்கைக் கழற்றி மாட்ட விட்டார்கள். மாட்டி முடித்தபோது ஒரு ஸ்பிரிங் தரையில் மிச்சம் கிடந்தது.

"ஒரு ஸ்பிரிங்தானம்மா, ஓடும்" என்றார் நாராயணசாமி. "யுத்த நேரத்துல இதெல்லாம் பாத்துக்கினு இருக்க முடியுமா? பசங்க ரெடியான்னு அதிகாரி கேட்டா, ரெடின்னு சொல்லு."

நிர்மலா ஸ்பிரிங்கைப் பொறுக்கி எடுத்தாள். லாரியின் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க சார். கல்வராயன் மலைக்குப் போயி, அந்த வளைவுங்கள்ல எறங்கிட்டு வந்துடலாம். நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல ஒக்காருங்க."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"வேணாம் மேடம்" என்றாள் ரம்யா. அந்த மலையிலிருந்து பயிற்சிக்கு வந்தவள் அவள், கையெல்லாம் கிரீஸ். "நாங்க மாட்டுன பிரேக்க நம்பி அந்த எறக்கத்துல போவாதீங்க."

நாராயணசாமி ஓரடி பின்வாங்கினார். "எனக்குக் குடும்பம் இருக்குதும்மா."

"அங்க எல்லையில ஓட்டிக்கினு போறவனுக்கு இல்லியா சார்? ரெடின்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதா இருந்தா, மொதல்ல இதுல ஏறி ஒக்காருங்க."

அவர் ஏறவில்லை. மறுநாள் அதிகாரியிடம், "பசங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் வேணுங்க" என்று அவரே சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை.