கேகாம் போட்ட கடைசி ஒயின்

அன்றைக்கு என் நாத்தனார் சாதேனிக்கைக் கொன்றே போட்டிருப்பேன். ஆனால் மடத்தனம் என்னுடையது.

எங்கள் அரேனி ஊரில் சாலையோரக் கடைகளில் வீட்டு ஒயினைக் கோலா பாட்டிலில்தான் விற்போம். வாங்குகிறவர்கள் முக்கால்வாசி ஈரான் லாரிக்காரர்கள். அவர்கள் நாட்டில் மதுவுக்குத் தடை; எல்லையில் மாட்டாமல் கொண்டுபோக வேண்டாமா! என் கணவர் கேகாமின் கடைசி ஒயினையும் புத்திகெட்டுப்போய் அதே மாதிரி பாட்டிலில் பிடித்துவைத்தேன்.

கேகாம் ஏப்ரலில் போய்விட்டார். ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கும் மகன் நொரைருக்கு அங்கே தங்கும் அனுமதிக் காகிதத்தில் சிக்கல். மண் போடக்கூட வர முடியவில்லை. போனில் அவன் அழவில்லை. ஒன்றுதான் கேட்டான். "அப்பா போட்டதுல ஒரு வாய் எனக்கு எடுத்து வைம்மா."

திராட்சை பறிக்கும் சமயம் புது ஒயினுக்காக மண்சாடியைக் காலி செய்தபோது அவர் போட்டதில் மிஞ்சியது ஒரே பாட்டில். நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டிசம்பரில் நொரைர் வந்தான். அவன் வரும் வேன் எங்கள் கடை வாசலில்தான் நிற்கும். வீடு வரைக்கும் பொறுக்காமல் பாட்டிலைக் கடைக்கே கொண்டுபோய் மேசைக்கடியில் வைத்தேன். கேகாமின் கோப்பையை எடுத்துவர மறந்துவிட்டேன். சாதேனிக்கை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தால் பாட்டிலைக் காணோம்.

"ஏண்டி, கீழ இருந்தது எங்க?"

"லாரிக்காரர் அஞ்சு கேட்டாரு அண்ணி. மேல நாலுதான் இருந்துச்சு. கீழ இருந்ததையும் சேத்துக் குடுத்தேன்."

"அடிப்பாவி! அது உங்கண்ணன் போட்டதுடி!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாரி எந்த மலையைத் தாண்டியிருக்குமோ. வேன் வர அரை மணிதான் இருந்தது. மறுபடியும் வீட்டுக்கு ஓடி, இந்த வருஷம் நானே திராட்சை மிதித்துப் போட்ட சாடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து வந்தேன். வேறென்ன செய்ய?

நொரைர் இறங்கியதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எங்கம்மா அது?"

ஊற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தான். பிறகு ஏழெட்டு மாதத்து அழுகையையும் நடுரோட்டில் நின்று அழுதான். "அப்பாவேதாம்மா. அப்படியே அவரு கைதான்."

சாதேனிக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீயும் குடிம்மா. உனக்கும் ஒரு வாய் வேணாமா?" என்று கோப்பையை என் உதட்டருகே கொண்டுவந்தான்.

குடித்தேன். என் ஒயின்தான். என் கேகாம் அதில் ஒரு சொட்டுகூட இல்லை. இனி எனக்கு எங்கேயும் கிடைக்கமாட்டார். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாண்டா," என்றேன். "அவரேதான்."