லைட் எங்கே?

“லைட் எங்கே? காட்டு பார்க்கலாம்” என்று டாக்டரம்மா கேட்டதும், பட்டு விரலை நீட்டி மேலே எரிந்த விளக்கைக் காட்டினாள். இரண்டரை வயதுக் குழந்தை விளக்கைக் காட்டுவதெல்லாம் ஒரு விஷயமா என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஆனால் இவள் அதுவரை எதையும் யாருக்கும் காட்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாய்மேல் வைப்பாள். அந்தக் கைக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அப்படிப்பட்டவள் காட்டிவிட்டாள். அடிப்பாவி, இத்தனை நாள் அம்மாவை அழவிட்டாயே என்று உள்ளுக்குள் கொஞ்சிக்கொண்டேன்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, “என் மூக்கைப் பாருங்க” என்று சொல்லி, கருவிழிக்கும் கருவிழிக்கும் இடையே அளவெடுப்பேன். நாள் முழுக்க அடுத்தவர் கண் எங்கே போகிறது என்று பார்க்கிறவளுக்கு, பெற்ற பெண்ணின் கண் தன்மேல் படவில்லை என்பது தெரியாமல் போகுமா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பட்டு திரும்பமாட்டாள். அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரியும் சத்தத்துக்கு ஓடிவருவாள், ஆகவே காதில் கோளாறு இல்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருப்பாள். இதையெல்லாம் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாலை ஷிஃப்ட் என்பதால் பகலில் குழந்தை அவரிடம்தான் இருக்கும். “நானே மூணு வயசுலதான் வாயைத் தொறந்தேனாம். கடையில பாக்குற வேலைய வீட்டுக்கும் தூக்கிட்டு வந்துடாத” என்பார். ஆட்டிசமாக இருக்குமோ என்று நான் கேட்ட அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போனார்.

ஆனால் டாக்டரிடம் நாள் வாங்கிய பிறகு மனிதர் மாறிவிட்டார். “அங்க என்னதான் பாப்பாங்க?” என்று அவராகவே கேட்டார். அப்பாடா, இறங்கிவந்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. “லைட் எங்கேன்னு கேப்பாங்களாம். விரல் நீட்டிக் காட்டுறாளான்னு பாப்பாங்களாம்” என்று படித்துப் படித்துச் சொன்னேன். எவ்வளவு சமர்த்து நான்!

“அழகா காட்டுறாளே!” என்றார் டாக்டரம்மா. “காட்டவே மாட்டான்னு சொன்னீங்களே?”

“அதான் டாக்டர், இவ எல்லாத்துக்கும் பயப்படுவா. ஒரு வருஷம் பாத்துட்டு வர்றோமே” என்று என்னைச் சொன்னார் என் வீட்டுக்காரர், நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்தபடி.

நானும் எழுந்திருக்கத்தான் இருந்தேன். அப்போதுதான் பட்டுவின் கண்ணைப் பார்த்தேன். விரல் இன்னும் விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது, கண் விளக்கில் இல்லை. டாக்டரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அவர் வாயைத் துடைத்துவிடுகிற மாதிரி குனிந்து ஒரு துண்டு பிஸ்கட்டை அவள் வாயில் வைத்தார். விரல் கீழே இறங்கியது.

அப்படியே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஒன்றுமில்லையாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் கழித்து, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று இதே டாக்டர் கேட்டால் எந்த முகத்தோடு உட்கார்வது?

“பட்டு, மூக்கு எங்கே?” என்றேன். விரல் விளக்குக்குப் போனது.

“அம்மா எங்கே?”

அதற்கும் விளக்குதான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “எவ்வளவு நாளா பழக்கினீங்க?” என்று அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“நாள் வாங்குனதுல இருந்து.” அவர் தலை நிமிரவில்லை. “எம் பொண்ணு ஃபெயிலாயிடக் கூடாதுன்னுதான்...”

“பரீட்சையா இது?” என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. “உதவி கேட்டுக் கூட்டிட்டு வந்தா, அத வேணாம்னு சொல்ல வைக்கிறதுக்கா ட்ரெயினிங் குடுத்தீங்க? டாக்டரை ஏமாத்துனது கிடக்கட்டும். அவ விரல் நீட்டுனதும் நான் நம்பிட்டேன்ங்க. எம் புள்ள எனக்குக் காட்டுறான்னு நம்பிட்டேன்.”

“நான் உன்னை ஏமாத்தணும்னு நெனைக்கல.”

“வேற யாரை ஏமாத்துனீங்க?”

டாக்டரம்மா பட்டுவின் முன் குனிந்து உட்கார்ந்தார். “சொல்லிக்குடுத்தா கத்துக்கறா. அது நல்ல விஷயம். ஆனா நம்மளோட சேர்ந்து பாக்கணும்னு அவ காட்டல. முழுசா டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம், தள்ளிப்போட வேண்டாம். அப்பா, அடுத்த தடவை பாக்கெட் காலியா இருக்கட்டும்.”

வெளியே நீண்ட நடைவழி. அவர் பட்டுவைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவரோடு சேர்ந்து நடக்க எனக்குக் கால் வரவில்லை, பின்தங்கியே போனேன். கூரையில் வரிசையாக விளக்குகள். முதல் விளக்கு வந்ததும் பட்டு விரலை நீட்டினாள். நீட்டிவிட்டுப் பையைப் பார்த்தாள். அவர் பையை வெளியே இழுத்து உதறிக் காட்டினார். “தீந்துபோச்சுடா கண்ணு” என்றார். அவள் சிணுங்கினாள். அவர் இரண்டடி நடந்தார். அடுத்த விளக்கு வந்தது. பட்டு, சொல்லிக்கொடுத்தபடியே, விரலை நீட்டினாள்.