பச்சைச் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. பச்சை நிறம். நேரத்துக்குத் தண்ணீர், வெயில் குறைந்தால் விளக்கு, வாரம் தவறாமல் முடிவெட்டு என்று அவளுக்கு நடக்கும் சீராட்டில் பாதி எனக்கு நடந்திருந்தால் நான் இப்படிச் சிடுமூஞ்சியாக இருந்திருக்க மாட்டேன். எங்கள் ஊர் கால்பந்து அரங்கத்தின் புல்தரையைத்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே புல்லைப் பராமரிக்கும் வேலை. அரங்கத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று கேட்டால், "நான் எங்க மேல பாத்தேன்?" என்பார்.

நாடு நாடாக வந்து மோதும் பெரிய போட்டி இந்த முறை எங்கள் அரங்கத்துக்கும் வந்தது. அவர் வீட்டுக்கு விருந்தாளி ஆகிவிட்டார். ஆட்டத்தின் இடைவேளையில் இவர்கள் ஏழெட்டுப் பேர் நீளக் கைப்பிடி வைத்த, முள்கரண்டி மாதிரியான கம்பியோடு ஓடுவார்கள். பூட்ஸ் பெயர்த்த புல்லை நிமிர்த்தி, அழுத்திவிட்டு வருவார்கள். நான் டிவி முன்னால் கண்கொட்டாமல் காத்திருப்பேன். சரியாக அந்த நேரம் பார்த்து விளம்பரம் போட்டுவிடுவார்கள். அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

இங்கே நடக்கும் கடைசி ஆட்டத்துக்கு, ஊழியர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் இரண்டு டிக்கெட். அது என் வீட்டுக்காரருக்கே விழுந்தது.

"அன்னைக்கு லீவு போடுங்க. முழு ஆட்டமும் என் பக்கத்துல உக்காரணும். எழுந்தீங்க, அவ்வளவுதான்!"

"சத்தியமா எழுந்திரிக்க மாட்டேன்மா."

கேள்விப்பட்ட மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பாவாவது, உக்காருறதாவது! இடைவேளை வரைக்கும் தாங்குறாரான்னு பாரு."

"பந்தயம்டி" என்றேன். பந்தயமெல்லாம் சாக்கு. ஒரே ஒரு ஆட்டம், பக்கத்தில் அவர், கையில் ஆளுக்கொரு டீ. எனக்கு அந்த ஆசைதான்.

அன்று காலை, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். கீழே பார்த்தால், தினமும் வேலைக்குப் போடும் அதே அழுக்கு ஷூ. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கோலுக்குப் பின்னால், நடு வரிசையில் எங்கள் இடம். எல்லோரும் பந்தைப் பார்க்க, இவர் புல்லைப் பார்த்தார். முதல் கோல் எங்கள் எதிரிலேயே விழுந்தது. தடுக்கப் பாய்ந்தவன் சறுக்கிய சறுக்கலில் ஒரு துண்டுத் தரை பெயர்ந்து பறந்தது. சுற்றிலும் ஆரவாரம். இவர் மட்டும் தலையில் கைவைத்து, "ஐயய்யோ, போச்சே!" என்றார்.

தோற்கும் அணியின் சட்டை போட்டிருந்த பின்வரிசைக்காரர், தம் கட்சி என்று நினைத்து இவர் தோளைத் தட்டினார். "விடுங்க சார், இன்னும் நேரம் இருக்கு."

"நேரம் இருந்து என்ன சார்? வேரோட வந்துடுச்சே!"

இடைவேளை வந்தது. ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் இவருடைய நெட்டைக் கூட்டாளி தலைமையில் ஆட்கள் கம்பியோடு இறங்கினார்கள். எல்லோரும் அந்தப் பக்கத்துக் கோலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்" என்று முணுமுணுத்தார். கால் துடித்தது. எழவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம். முகம் சுண்டிப்போயிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"போங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேனே..."

"அதை நான் பாத்துக்கறேன். ஷூவைக் காலையிலயே பாத்தாச்சு. ஓடுங்க!"

மைதானத்துக்குள் இறங்கும் வாசலில் நின்ற காவலாளிக்கு அவரைத் தெரியும், வழி விட்டான். ஒட்டடைக்குச்சி ஓடிவந்து கம்பியைக் கொடுத்தார். என் ஆள் நீலச் சட்டையோடு மண்டி போட்டார். பெயர்ந்த துண்டைப் பொருத்தி, சுற்றியிருந்த புல்லைக் கம்பியால் மெல்ல நெருக்கி, உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார். தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுவது போல இருந்தது. பொறாமை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பெருமையில் கண் கலங்கிவிட்டது.

ஆட்டக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அவர் எழுந்து ஓரத்துக்கு ஓடினார். அங்கே நின்று, திரும்பி, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். வரிசை வரிசையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்ததும் கம்பியைத் தூக்கி ஆட்டினார்.

"யாருங்க அது?" என்றார் பின்வரிசைக்காரர்.

"என் வீட்டுக்காரர்" என்றேன், நாலு வரிசைக்குக் கேட்கும்படி.

இரண்டாம் பாதி ஆரம்பித்ததும் மகளின் போன். "அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இல்லடி. எதிர்ல நிக்கறாரு."

"அப்ப நான்தான் ஜெயிச்சேன்!"

"ஜெயிச்சுட்டுப் போ. நான் உங்கப்பாவைப் பாத்துட்டிருக்கேன், போனை வை."