விரால் சூப்புக்கு முன்னாடி வர வேண்டியது

சீ-கேய், தூங்கிட்டியாடி? தூங்கினா பரவால்ல, காலைல படி. யார்கிட்டயாவது இத சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். இது சந்தோஷமா பயமான்னு எனக்கே புரியல.

எங்க அப்பா இன்னிக்கு குசு விட்டாரு.

சிரிச்சு முடிச்சுட்டு மேல படி.

அப்பாவுக்குப் பெருங்குடல்ல புத்துநோய்க் கட்டி இருந்துச்சுல்ல, அத ஒரு துண்டு குடலோட வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தைச்சிட்டாங்க. அது நல்லபடியா முடிஞ்சுது. ஆனா குடல் மயக்கத்துலயே கிடந்துச்சு, எழுந்திரிக்கவே இல்ல. காத்து பிரிஞ்சாதான் அது முழிச்சிருச்சுன்னு அர்த்தமாம். அதுவரைக்கும் வாய் வழியா ஒண்ணும் கூடாது. அதனால இந்த வார்டுல யாரும் யாரையும் "சாப்டாச்சா"ன்னு கேக்கறதில்ல. "வந்துச்சா"ன்னுதான் கேக்கறாங்க. பக்கத்துக் கட்டில் யுங் தாத்தாவுக்கு நேத்து வந்துச்சு. அவரு பொண்ணு போன்ல சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொன்னா, கல்யாணச் சேதி மாதிரி.

அப்பாவுக்கு மட்டும் வரல. வயிறு உப்பிக்கிட்டே போச்சு. காலைல ஆபரேஷன் பண்ண பெரிய டாக்டர் வந்து தட்டிப் பாத்தாரு. சாயந்தரம் வரைக்கும் பாப்போம், அப்பவும் இப்படியே இருந்தா மூக்கு வழியா மறுபடியும் குழாய் விட்டு, படம் எடுத்துப் பாக்கணும், உள்ள தையல் கசியுதோ என்னவோ, தேவைப்பட்டா திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்பா சரி சரின்னு தலையாட்டினாரு. அவரு போனதும் போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டாரு. விடியறதுக்கு முன்னாடியே கடை திறந்து, ஆவி பறக்க அரிசி ரோல் சுத்திப் போடுற மனுஷன். அந்தக் கை போர்வை நுனிய விடவே இல்ல.

மத்தியானம் பெரிய அத்தை வந்தாங்க. அப்பாவோட அக்கா, ஷுன்டே ஊர்ல இருந்து. கைல பெரிய ஃப்ளாஸ்க். உனக்கே தெரியும் நம்ம ஊரு ஆளுங்கள, உடம்புல கத்தி பட்டா விரால் மீன் சூப்பு குடிச்சாதான் புண்ணு ஆறும். அத்தை ராத்திரி முழுக்க சின்னத் தீயில வச்சு, ஜின்செங் வேரும் போட்டு, பால் மாதிரி வெள்ளையா காய்ச்சி எடுத்துட்டு வந்திருந்தாங்க. மூடியத் திறந்ததும் வார்டே மணந்துச்சு.

இன்னும் வரல அத்தை, குடுக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன். அத்தை முகம் தொங்கிப் போச்சு. ஃப்ளாஸ்க்க மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம் நான் கீழ போய் வெந்நீர் பிடிச்சுட்டு வரேன், வார்டுல ஒரே கொண்டாட்டம். நர்ஸ் சிரிக்கறாங்க, யுங் தாத்தா பொண்ணு கை தட்டறா, அத்தை கிண்ணத்தைத் துடைக்கறாங்க. அப்பாவுக்கு வந்துருச்சாம்.

நான் வெந்நீர் குடுவையக் கீழ வச்சுட்டு அப்படியே அழுதுட்டேன்டி.

யுங் தாத்தா மட்டும் சந்தேகமாப் பாத்தாரு. "என் காதுதான் டமாரம் தம்பி, மூக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் வரலையே?"

"அது சத்தமில்லாதது"ன்னாரு அப்பா.

"வாசமும் இல்லாததா? அடேயப்பா, ரொம்ப மரியாதையான குடல்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்போ அப்பா என்னப் பாத்தாரு, உடனே பார்வைய மாத்திக்கிட்டாரு. கடையில நேத்து மிஞ்சின சாஸ யாருக்கும் தெரியாம ஊத்தும்போது அம்மா வந்தா இப்படித்தான் பாப்பாரு.

எனக்குப் புரிஞ்சுருச்சு. பொய்.

அத்தை கரண்டில ஊதி ஊதி அவரு வாய்கிட்ட கொண்டு போறாங்க. நர்ஸ் இன்னும் வாசல்லதான் நிக்கறாங்க. சொன்னா இத்தன பேர் முன்னாடி அப்பா மானம் போகும். சொல்லலன்னா அந்தக் கொழுப்பு சூப்பு உள்ள போகும், தூங்கற குடலுக்குள்ள. வாந்தி வந்தா, தையல் பிஞ்சா? யோசிக்க நேரமில்ல, சீ-கேய். கைதான் போச்சு. அத்தை மணிக்கட்டப் பிடிச்சேன், சூப்பு என் சட்டையெல்லாம் கொட்டிச்சு.

"அப்பா, வரல தானே?"

அத்தைக்கு வந்துச்சே கோவம். பெத்த அப்பனையே பொய்யன்னு சொல்றியாடி, இதுதான் பள்ளிக்கூடத்துல கத்துக் குடுக்கறாங்களான்னு பொரிஞ்சு தள்ளினாங்க. அப்பா கைய நீட்டி அத்தையத் தடுத்தாரு.

"விடுக்கா. வரல"ன்னாரு. "அந்தக் குழாய என்னால திரும்ப முழுங்க முடியாதுக்கா. திரும்ப அந்த ரூமுக்கும் போக முடியாது. வந்துருச்சுன்னு சொன்னா விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

அத்தை ஃப்ளாஸ்க்க மூடினாங்க. அந்த மூடிய எவ்வளவு இறுக்கினாங்க தெரியுமா, திறக்க ஒரு பயில்வான் வேணும்.

நர்ஸ் ஓடிப் போய் மாக் டாக்டரக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க நம்ம சீன வைத்தியம் படிச்சவங்க, ஊசியும் மூலிகையும். பெரிய டாக்டரோட சேந்துதான் இங்க எல்லாரையும் பாக்கறாங்க. காலைலயே அப்பாவுக்கு ஊசி போட வந்தாங்க, அப்பாதான் அப்புறம் அப்புறம்னு தட்டிக் கழிச்சுட்டாரு. இப்ப அவங்க திட்டவே இல்ல. நாடி பாத்தாங்க, நாக்க நீட்டச் சொன்னாங்க. வயித்துல ஸ்டெதாஸ்கோப் வச்சுக் கேட்டுட்டு, கழட்டி என் காதுல மாட்டினாங்க.

ஒண்ணுமே கேக்கலடி. பூட்டின வீடு மாதிரி.

அத்தை மெதுவாக் கேட்டாங்க, சூப்பு உடம்புக்கு நல்லதுதானே, அதுவும் வைத்தியம்தானேன்னு. "நல்லதுதான் அக்கா. ஆனா இப்ப இவரு உடம்புக்கு அத வாங்கிக்கற தெம்பில்ல. மொதல்ல கதவு திறக்கட்டும், விருந்த அப்புறம் அனுப்பலாம்"னாங்க மாக் டாக்டர். அப்புறம் அப்பா பக்கம் திரும்பினாங்க. "வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சாயந்தரத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. நீங்க ஒத்துழைச்சா நானும் விட மாட்டேன்."

அதுக்கப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு. கல்லுப்பையும் மிளகு மாதிரி ஒரு கருப்புக் காயையும் துணிப்பையில கட்டி, சூடு பண்ணி, தையல் மேல படாம வயித்துல வச்சாங்க. காரமா ஒரு வாசன, தும்மல் தும்மலா வந்துச்சு. சூடு தாங்குதான்னு மொதல்ல என் கையில வச்சுப் பாக்கச் சொன்னாங்க, ஆறினா மாத்தறது என் வேல. முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா ரெண்டு கால்லயும் ஊசி குத்தி, அதுல மெல்லிசா கரண்ட் விட்டாங்க. அப்பா கால் தானா துடிச்சுது. வலிக்குதாப்பான்னேன். பல்லக் கடிச்சுக்கிட்டு, கனமா ஊறுதுன்னாரு. அப்படித்தான் இருக்கணுமாம்.

ஊசி எடுத்ததும் நடக்கச் சொன்னாங்க. நான் ட்ரிப்ஸ் கம்பியத் தள்ள, அத்தை இடுப்பப் பிடிக்க, வராந்தால ஊர்ந்து போனோம். அத்தை இன்னும் என்கூடப் பேசல, ஆனா என் சட்டையில இருந்த மீன் துணுக்கத் தட்டி விட்டாங்க. யுங் தாத்தா கதவுக்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, நாங்க திரும்பும்போதெல்லாம் "மரியாதை எல்லாம் வேண்டாம் தம்பி, இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்"னாரு.

அப்போ லிஃப்ட் திறந்துச்சு. பெரிய டாக்டர், பின்னால பசங்க கூட்டம், சாயந்தர ரவுண்டு. அப்பா சட்டுன்னு நின்னாரு. என் தோள அழுத்திப் பிடிச்சாரு. முகம் வெளிறிப் போச்சு. விழப்போறாருன்னு நெனச்சேன்.

வந்துச்சு.

நீளமா, கிழிஞ்ச தாரை மாதிரி, வராந்தா முழுக்க. படிக்கற பசங்கள்ல ஒருத்தன் கைல இருந்த ஃபைலக் கீழ போட்டுட்டான். யுங் தாத்தா எழுந்து நின்னு கை தட்டினாரு. பெரிய டாக்டர் அப்பா வயித்துல ஸ்டெதாஸ்கோப் வச்சாரு, அப்புறம் மாக் டாக்டரப் பாத்துத் தலையாட்டினாரு. குழாய் வேண்டாம்னாரு.

அத்தை என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்பா மூச்சு வாங்கிக்கிட்டே நர்ஸப் பாத்துச் சொன்னாரு, "இது நிஜம். சாட்சி இருக்கு."

சூப்பு அப்பவும் கிடையாது. வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு கரண்டி. அத அப்பா கண்ண மூடிக்கிட்டு ருசிச்சுக் குடிச்சாரு பாரு. விரால் சூப்ப அத்தை என் வாயில ஊத்தினாங்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்க விடல. அப்பனக் காப்பாத்தினவளுக்குத்தான் தெம்பு வேணுமாம்.

பயம் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். வெட்டின துண்ட சோதிக்க அனுப்பியிருக்காங்க, அது என்ன சொல்லும்னு தெரியாது. மருந்தெல்லாம் இருக்கு இனிமேதான். ஆனா இப்போ இருட்டுல மடக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டு இத டைப் பண்றேன், பக்கத்துல அப்பா வயிறு கடமுடான்னு பேசிக்கிட்டே இருக்கு. நான் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

இரு, கூப்பிடறாரு.

"ஆ-லாம், இன்னொண்ணு. கேட்டியா?"

கேட்டேன்ப்பான்னு சொன்னேன். யுங் தாத்தா மூக்குக்கும் எட்டியிருக்கும் போல. போர்வைக்குள்ள இருந்து மெதுவா ஒரு கைதட்டல்.